மாமி சுவிட்சை அணைத்தால்

2006 பெப்ரவரி 12, ஞாயிறு

இன்றுமுதல் எனக்கென்று ஒரு பல்பு! தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கரண்ட் வந்தபோது வீட்டுக்கு ஒன்றுதான் போட்டுக் கொடுத்தார்கள். அது உள் அறையில், காம்பராவில், மாமியின் கட்டிலுக்கு நேர் மேலே. மாமி விடிந்தால் தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர், எட்டு மணிக்கே அணைத்துவிட்டுப் படுப்பார். பகலெல்லாம் நானும் மலையில்தான். பிறகு எப்போது படிப்பது? ஆசிரியர் நியமனப் பரீட்சை மார்ச் 25. வயதைப் பார்த்தால் இதை விட்டால் அடுத்தது எனக்கில்லை.

என் வீட்டுக்காரர் சசி அதிகம் பேசாத மனுஷன். காலையில் ஸ்டூலில் ஏறி, காம்பராக் கம்பியை நடுவில் வெட்டி, முன்பக்கத் திண்ணை, இஸ்தோப்பு வரைக்கும் இழுத்து, எனக்கு ஒரு பல்பும் சுவிட்சும் மாட்டிவிட்டார். வருஷா வருஷம் கோயிலுக்கு சீரியல் பல்பு கட்டுகிற கையாயிற்றே! எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் போட்டுப் பார்த்தால், இரண்டு பல்பும் தூக்கம் கலையாத முகத்தோடு மங்கலாக எரிகின்றன. மாமி சும்மா இருப்பாரா? “எம் வெளிச்சத்துல பாதிய வெட்டி பொண்டாட்டிக்குக் குடுத்துட்டான்!”

கரண்ட் பத்தவில்லை என்கிறார் சசி.

பெப்ரவரி 14

மாமி எட்டு மணிக்குத் தன் சுவிட்சை அணைத்தார். என் பல்பும் போய்விட்டது. உள்ளே போய் அவர் சுவிட்சைப் போட்டேன், இரண்டும் எரிந்தன.

“என்னைய தூங்க விடமாட்டியா?”

“நீங்கதான் என்னைய படிக்க விடமாட்டேங்கிறீங்க.”

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 19

பழையபடி மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு. புகையில் கண் எரிகிறது. “கரண்ட் இருக்குற வூட்டுல குப்பி லாம்பா? லயமே சிரிக்கும்” என்கிறார் மாமி. சிரிக்கட்டும். எனக்கு அழுகைதான் வருகிறது. சசி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “கழட்டிரட்டுமா?” என்று கேட்டார். கழற்றினால் மாமிக்குத் தூக்கம் வரும். எனக்கு?

பெப்ரவரி 22

பக்கத்துக் காம்பரா ஷாமிளா வீட்டில் காசு கொடுத்து ஆள் வைத்துப் போட்டுக்கொண்டதையும் சேர்த்து மூன்று பல்பு. மூன்றும் பளிச்சென்று எரிகின்றன. ஒன்றை அணைத்தால் அது மட்டும் அணைகிறது. அங்கேயும் இதே கரண்ட்தானே? அப்படியானால் பிழை கம்பியில் — சசி இழுத்த கம்பியில்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? கோயில் லைட்டே அவரை நம்பித்தான் எரிகிறது. மனுஷன் முகம் சுண்டிப்போகும்.

மார்ச் 3, வெள்ளி

திருவிழா வேலை. சசி ஏணியில், நான் கீழே பல்புக் கூடையோடு. சுவிட்சைப் போட்டால் ஒரு வரிசை முழுக்க இருட்டு. ஒவ்வொரு பல்பாகத் தொட்டுத் திருகிப் பார்த்துக்கொண்டே போனார்.

“ஒன்னு போனா ஏங்க எல்லாமே போகுது?” நிஜமாகத் தெரியாமல்தான் கேட்டேன்.

“எல்லாம் ஒரே கம்பி புள்ள. இதுக்குள்ள பூந்து போனாத்தான் அடுத்ததுக்குக் கரண்ட் போவும்…” சொல்லிக்கொண்டே வந்தவர் ஏணியிலேயே நின்றுவிட்டார். குனிந்து என்னைப் பார்த்தார்.

“அடப்பாவி. வூட்டுக்கும் திருவிழா கட்டிட்டேனா?”

கோயில் வாசல் என்றும் பார்க்காமல் இரண்டு பேரும் சிரித்தோம். தொடர் இணைப்பு, சமாந்தர இணைப்பு என்று பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து மார்க் வாங்கியவள் நான். அதே படம் வீட்டுக்குள் தொங்கியபோது மாமிமேல் பழி போட்டிருக்கிறேன்!

மார்ச் 5, ஞாயிறு

றக்வான டவுனில் லைட் சாமான் கடை வைத்திருக்கும் முக்தார் நானாவை சசியே போய்க் கூட்டிவந்தார். கூச்சப்படவில்லை. நானா மெயினை அணைத்துவிட்டு, மேலே பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“மெயின்ல இருந்து வார ரெண்டு கம்பியிலயும் ஒவ்வொரு பல்பையும் தனித்தனியா சேர்க்கணும் தம்பி. அப்பதான் ஒவ்வொன்னுக்கும் முழு வோல்டேஜ். ஒன்னுக்குப் பின்னால ஒன்ன நிப்பாட்டினா பங்கு போட்டுக்கும். கோயில்ல இருக்கிறது சின்ன பல்பு, அதுக்குப் பங்கு போதும். இதுக்குப் போதுமா?”

பகலோடு வேலை முடிந்தது. இருட்டியதும் போட்டோம். அம்மாடி! இஸ்தோப்பில் சுவரின் அழுக்கெல்லாம் தெரிகிறது.

மாமி நம்பவில்லை. உள்ளே போய்த் தன் சுவிட்சை அணைத்துவிட்டு, இருட்டிலிருந்து குரல் கொடுத்தார். “எரியுதா?”

“எரியுது மாமி.”

மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். “இப்ப?”

“இப்பவும்.”

கட்டில் கிறீச்சிட்டது. படுத்துவிட்டார்.

மார்ச் 25

இரத்தினபுரி போய் எழுதிவிட்டு வந்தேன். கேள்விகள் பரவாயில்லை. வளைவு வளைவாய் வந்த பஸ்ஸில்தான் தலை சுற்றிவிட்டது.

2007 ஜனவரி 8, திங்கள்

நியமனம் கிடைத்து முதல் நாள். தோட்டத்தின் கீழ்ப்பிரிவுப் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு. போன திங்கள்வரை கொழுந்துக் கூடை இழுத்த தலையில் இன்று பூ. காலையில் மாமிதான் வைத்துவிட்டார்.

நாளைக்குப் பாடம் தயார் பண்ண இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டு மணி. உள்ளே சுவிட்ச் சத்தம். நானா வந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு நாளும் தவறாத கேள்வி, இன்று மட்டும் கொஞ்சம் மாறி வந்தது.

“எரியுதா டீச்சர்?”

“எரியுது மாமி. நீங்க தூங்குங்க.”