தமிழில் எழுதிய மூன்றரைப் பக்கம்

தின்கன்ஜூன், யாங்கோன்
12-9-2004, ஞாயிறு, காலை

இறைவன் அருளால் எல்லா நலமும் பெற்று வாழும் அன்பு மகள் ஷிரினுக்கு, வாப்பா முகைதீன் ஸலாம் கூறி எழுதுவது. மாப்பிள்ளை பர்கத்துல்லாவுக்கும் என் ஸலாம்.

சிங்கப்பூரிலிருந்து நீ 22-8-2004 அன்று எழுதிய கடிதம் இம்மாதம் 4ஆம் தேதி கிடைத்தது. நோன்புக்கு முன் நானும் உம்மாவும் அங்கேயே வந்து தங்கிவிட வேண்டும், அக்டோபர் 9க்குப் பயணச்சீட்டு எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் பின்னால் வருகிறது. முதலில் செய்தி.

3-9-2004 வெள்ளியன்று தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு முடிவு வந்தது. வரலாற்றில் தேறிவிட்டேன். அறுபத்தைந்து வயது, ஐந்து மாதம், பதினோரு நாளில் உன் வாப்பா பட்டதாரி. அல்ஹம்துலில்லாஹ்.

கண்ணில் புரை விழுந்ததிலிருந்து சிறிய எழுத்து எனக்குக் கலங்கித் தெரிவதை நீ அறிவாய். நான்கு ஆண்டும் பாடங்களை வாசித்தவள் உன் உம்மா. சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அவள் பர்மியில் உரக்க வாசிப்பாள். நான் தமிழில், பெரிய எழுத்தில், குறிப்பெடுப்பேன். ஒரே வரியை மூன்றாம் முறை கேட்டால், அடுப்பில் சோறு குழைகிறது, அரசர்கள் காத்திருக்கட்டும் என்று எழுந்து போய்விடுவாள்.

அந்தப் பழக்கம் பரீட்சையில் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. 21-6-2004 திங்களன்று முதல் தாள். மூன்றரைப் பக்கம் விறுவிறுவென்று எழுதியிருந்தேன். கண்காணிப்புக்கு வந்த ஆசிரியை என் மேசையருகே நின்றுவிட்டார்.

“தாத்தா, எழுத்து அழகா இருக்கு. ஆனா இதை யார் திருத்துறது?” என்று பர்மியில் மெதுவாகக் கேட்டார்.

குனிந்து பார்த்தேன். அத்தனையும் தமிழ்.

மீதி இருந்தது ஒரு மணி நாற்பது நிமிடம். கண்ணை மூடினேன். உம்மாவின் குரல் கேட்டது; எங்கே மூச்சு வாங்குவாள், எங்கே நிறுத்தி அடுப்படிக்குப் போய் வருவாள் என்பது உட்பட. கேட்டதைக் கேட்டபடி பர்மியில் எழுதினேன். தேறியது அந்தக் குரல்தான். வீட்டுக்கு வந்து சொன்னபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள்.

இனி முக்கியமான விஷயம். முடிவு வந்த மறுநாள் பழைய நோட்டுகளை ஒழுங்கு செய்தேன். அவற்றின் பின்பக்கங்களில் பென்சிலால் பர்மிய எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என் கேள்வித்தாள்கள் ஒவ்வொன்றுக்கும் உன் உம்மாவும் விடை எழுதிப் பார்த்திருக்கிறாள். ஷிரின், அவை என் விடைகளைவிட நன்றாக இருக்கின்றன.

நீயும் சேர்ந்து படிக்கலாமே என்று அவளிடம் சொன்னேன்.

“பத்தாவதே பாஸ் இல்லே, எந்தக் காலேஜுலே சேப்பாங்க? நோட்டை மூடி வைங்க” என்றாள்.

பத்தாவது ஏன் இல்லை என்பது உன்னிடம் நாங்கள் சொல்லாத கணக்கு. எங்கள் நிக்காஹ் 10-1-1965 ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குப் பரீட்சை அதே ஆண்டு மார்ச்சில். இரண்டு மாதம் பொறுங்கள் என்று அவள் வாப்பா கேட்டார்கள். தேதி குறித்தால் குறித்ததுதான் என்று சொன்னவன் நான்.

7ஆம் தேதி செவ்வாயன்று, உம்மா தனித்தேர்வராகப் பத்தாவது எழுத விண்ணப்பத் தாள் வாங்கி வந்தேன். மூன்று நாள் அவள் அதைத் தொடவில்லை. நான்காம் நாள், “ஷிரின் டிக்கெட் எடுத்துட்டா என்ன செய்வீங்க?” என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனி.

ஆகவே, மகளே, அக்டோபர் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். மார்ச் பரீட்சை முடியட்டும். இம்முறை வாசிப்பது என் வேலை. பூதக்கண்ணாடி இருக்கிறது, சோறும் நானே வடிப்பேன், குழைந்தாலும் சாப்பிடட்டும். அதன்பின் எந்த நாளில் புறப்படுவது என்று உம்மாவிடமே கேள். அவள் சொல்லும் தேதி எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. உன் உம்மாவுக்காகத் தனியாக ஒரு துஆ கேள். எனக்காகவும், அதில் பாதி.

இப்படிக்கு,
உன் வாப்பா,
முகைதீன், பி.ஏ.