செவ்வாய்க்கிழமை சாகப்போகிற ராணி

படப்பை,
திங்கள்கிழமை மதியம்.

அன்புள்ள ஜாஸ்மின் அக்காவுக்கு,

லீலா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் அம்மாவும் நானும் சுகம். கும்பகோணத்தில் உனக்கும், மடத்தில் உன்னோடு இருக்கிற சிஸ்டர்கள் எல்லாருக்கும் சுகம்தானே?

சசிகலா அக்கா வீட்டுப் பின்பக்கத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் தண்ணீர், தண்ணீருக்குள் கூழாங்கற்கள். தேனீக்கள் கல்லின் மேல் நின்று குடித்துக்கொண்டிருந்தன. கல் இல்லாவிட்டால் மூழ்கிவிடுமாம். இவ்வளவு பயந்த பூச்சியா நம்மைக் கொட்டப்போகிறது என்று நினைத்தேன். நேற்று நாலு மணிக்கு அப்படி நினைத்தேன்.

சசிகலா அக்காவை உனக்குத் தெரியாது. மணிமங்கலத்தில் இருக்கிறார், முப்பது வயதிருக்கும். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். மாதம் ஒரு ஞாயிறு அவர் வீட்டில் தேனீ வளர்க்கிறவர்கள் சங்கமாகக் கூடுகிறார்கள். புதியவர்கள் மூன்று கூட்டத்துக்குத் தவறாமல் வந்தால் தேனீயோடு ஒரு பெட்டி இலவசம் என்று சர்ச்சில் பூசை முடிந்ததும் அறிவித்தார்கள்.

பத்தாவதோடு நின்றதிலிருந்து நான் வீட்டிலேயே இருப்பது உனக்குத் தெரியும். அடுத்த மாதம் எனக்குப் பதினெட்டு முடிகிறது. அம்மா தன் கேன்டீன் சூப்பர்வைசரிடம் சொல்லி என்னைக் கம்பெனி லைனில் வேலைக்குச் சேர்க்கப் பார்க்கிறாள். ஒரு லைனில் நாற்பது பெண்களாம். அத்தனை பேரிடம் நான் என்ன பேசுவேன்? பெட்டி கிடைத்தால் ஒரு வருடம் அதையே செய்து பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். அம்மா, "வாயே தொறக்காதவளுக்கு வாயில்லாப் பூச்சிதான் சரி. போ" என்றாள்.

அதோடு விடவில்லை. "மொத மொதல்ல ஒருத்தர் வூட்டுக்குப் போறே, கைய வீசிக்கினா போவே?" என்று சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கட்டைப்பையில் வைத்துக் கொடுத்தாள். நன்றாகப் பழுத்த பூவன். ஷேர் ஆட்டோ முழுக்க அதன் வாசனைதான்.

அங்கே போனால் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யார் கையிலும் எதுவும் இல்லை. விசேஷ வீட்டுக்கு வந்தவள் மாதிரி நான் மட்டும் பழத்தோடு நிற்கிறேன். சசிகலா அக்கா எதிரில் வந்து உட்காரச் சொன்னபோதே கொடுத்திருக்கலாம். கை எழவில்லை. எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பையை மெதுவாக ஒரு தேனீப் பெட்டியின் ஸ்டாண்டுக்குக் கீழே தள்ளிவிட்டேன். போகும்போது யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று.

அக்கா, அந்தப் பெட்டியைத்தான் அவர்கள் திறந்தார்கள்.

திறந்தவர் வேல்ராஜ் அண்ணன். தெற்கத்திக்காரர். இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கி வேலை செய்கிறார். கையுறை கிடையாது, முகத்துக்கு வலை கிடையாது. "இதுக பசுமாடு மாதிரி பாப்பா. பயப்படாத, கிட்ட வா" என்று என்னைத்தான் கூப்பிட்டார். மூடியை எடுத்ததும் உள்ளே இருந்த சத்தம் மாறியது. மிக்ஸியை ஒரு நம்பர் கூட்டி வைத்த மாதிரி. அடுத்த நொடி அவர் முகத்தில் ஏழெட்டு. ஒன்று கண்ணுக்குக் கீழே, ஒன்று உதட்டில். எல்லாரும் ஓடினோம். ஒரு நாற்காலி கவிழ்ந்தது. சசிகலா அக்கா மட்டும் தேனீக்கள் அடங்கப் புகை போட்டுக்கொண்டே போய் மூடியை வைத்தார்.

கொடுக்குகளைப் பிடுங்கும்போதுகூட வேல்ராஜ் அண்ணன், "எம் பொண்டாட்டிகூட இம்புட்டுக் கோவப்பட்டதில்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் ஒரு கண் முழுதாக மூடிவிட்டது.

சசிகலா அக்கா சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக யாரையும் கொட்டாத பெட்டி அது. ஒரு தேனீக் குடும்பத்துக்குக் கோபம் வந்தால் அது ராணித் தேனீயிடமிருந்து வருவதாம். அவள் குணம்தான் பிள்ளைகளுக்கு வரும் என்றார். பக்கத்து வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஏற்கெனவே அந்த வீட்டார் பெட்டிகளை எடுக்கச் சொல்கிறார்களாம். "செவ்வாக்கெழம எனக்கு செகண்ட் ஷிப்ட். காலையில ராணிய நசுக்கிட்டு வேற ராணி வுட்டுடறேன்" என்றார். பஞ்சரான டயரை மாற்றுவதைப் போலச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அம்மா, "இன்னாடி, குடுக்கலயா?" என்று திட்டிக்கொண்டே ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டாள்.

புதியவர்களுக்கு என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதை இன்று காலைதான் பிரித்தேன். மூன்றாவது பக்கத்தில் போட்டிருக்கிறது: பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் பழுத்த வாழைப்பழம் இருக்கக் கூடாது. ஒரு தேனீ கொட்டினால் மற்றவற்றைக் கூப்பிட ஒரு வாசனை விடுமாம். அந்த வாசனையும் வாழைப்பழ வாசனையும் ஏறக்குறைய ஒன்றாம். 'ஆபத்து, எல்லாரும் வாருங்கள்' என்று பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது என்னுடைய பை.

ராணி ஒன்றும் செய்யவில்லை, அக்கா. நாளைக்கு அவளைக் கொல்லப்போகிறார்கள்.

இதைப் படித்த பதற்றத்தில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். போன் பண்ணலாம் என்றால் போன் அம்மாவோடு கேன்டீனுக்குப் போய்விட்டது. சாயங்காலம் அம்மா எதிரில் பேச முடியாது. தெரிந்தால் பெட்டியும் வேண்டாம், சங்கமும் வேண்டாம், நேராக லைனுக்கு நட என்பாள். சசிகலா அக்காவுக்குத் தெரிந்தால் அவரே இனி வராதே என்று சொல்லலாம். வேல்ராஜ் அண்ணனை நினைத்தால் இன்னும் பயம். அந்தக் கண் திறந்ததோ இல்லையோ.

பேசாமல் இருந்தால் எதுவும் ஆகாது. யாருக்கும் தெரியவே தெரியாது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. நான் எப்போதும் செய்வது அதைத்தானே.

நீ இருந்திருந்தால் எனக்குப் பதிலாக நீ பேசியிருப்பாய். கடைக்காரரிடம், டீச்சரிடம், டாக்டரிடம் எல்லாம் நீதான் பேசினாய். உன்மேல் குறை சொல்லவில்லை. உனக்கு வரும் கடிதங்களை மதர் முதலில் படிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறாய். அவர்களும் படிக்கட்டும். ஒரு பூச்சிக்காக ஜெபிக்கலாமா என்று அவர்களிடம் கேட்டுச் சொல். கூடாது என்றால் எனக்காக ஜெபி. நீ எங்கே இருந்தாலும் உன் மனம் நிறைந்திருக்கட்டும்.

உன் தங்கை,
லீலா.

செவ்வாய்க்கிழமை.

கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

ஏழரைக்கு மணிமங்கலத்தில் இறங்கினேன். சசிகலா அக்கா வலை மாட்டிக்கொண்டு அந்தப் பெட்டி முன்னால் நின்றார். தேனீக்கள் அடை கட்டிய மரச் சட்டம் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். ராணியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அவர் இரண்டு விரல் போன விதத்தில் தெரிந்தது. முருங்கை மரத்தடியிலிருந்து கூப்பிட்டேன். என் காதுக்கே கேட்கவில்லை. வலை இல்லாமல் கிட்டே போனேன். காதோரம் ஒன்று சுற்றியது.

"அக்கா, அதக் கொல்லாதீங்க. நான்தான்" என்றேன். பழம், பை, ஸ்டாண்ட், மூன்றாவது பக்கம் என்று எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னேன்.

அவர், சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் குடத்தை இறக்குவதைப் போல, சட்டத்தை உள்ளே இறக்கி மூடினார். வலையைக் கழற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எங்கிட்ட சொல்லிட்டே, சரி. கொட்டு வாங்கினது நான் இல்ல" என்றார். "நேத்து முழுக்க வேல்ராஜுக்கு ஒரு கண்ணு தொறக்கல, வேலைக்குப் போவல. ராணி மேல கோவமா கீறாரு மனுஷன். அவராண்டயும் நீயே சொல்லு."

போனில் அவர் நம்பரைத் தட்டி என் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். மணி அடித்தது. எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க சசிகலா" என்றார். உதடு வீங்கியதில் குரல் கொழகொழவென்று இருந்தது.

"சசிகலா அக்கா இல்லண்ணா, லீலா பேசறேன்" என்றேன்.