குர்து மக்களைப் பற்றிய உரை பாதியில் நிறுத்தப்பட்டது குறித்து

அனுப்புநர்:
அ. ரெபேக்கா, செவிலியர்,
மூன்றாம் லைன், சாம்பியன் ரீப்ஸ், கோலார் தங்கவயல்.

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
வட்டார வாசகசாலைகள் நிர்வாகம், பங்காருபேட்டை.

பொருள்: 16.03.2025 அன்று என் உரையை நிறுத்திய கண்காணிப்பாளர் மீது விசாரணையும், நீக்கப்பட்ட பொறுப்பாளர் சுமாவுக்கு மீண்டும் பணியும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இவ்வூரில் பிறந்தவள். வட ஈராக்கில் குர்து மக்கள் வாழும் சுலைமானியா நகரின் மருத்துவமனை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, கடந்த ஆண்டு திரும்பினேன். அம்மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் பற்றிப் படங்களுடன் ஒரு மணி நேரம் பேசுமாறு எங்கள் வாசகசாலைப் பொறுப்பாளர் சுமா கேட்டார். ஒப்புக்கொண்டேன்.

2. தலைமை தாங்க வந்த கண்காணிப்பாளர் திரு. ராஜப்பா அவர்கள் அழைப்பிதழைப் படிக்கும் சிரமத்தை மேற்கொள்ளவில்லை. தொலைபேசியில் சொல்லப்பட்ட 'குர்து' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தயிரைக் குறிக்கும் 'கர்ட்' என்று கேட்டுக்கொண்டு, பன்னிரண்டு நிமிடம் தயிரின் நன்மைகளை விளக்கினார். "வெளிநாட்டுல தயிரு எப்டி ஒறை ஊத்துறாங்கன்னு மேடம் இப்ப காட்டுவாங்க" என்று அவர் முடித்தபோது கூடத்திலிருந்த அறுபது பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என்னிடம் அன்று இருந்த ஒரே மரியாதை அதுதான். அதை அவருக்கே அளித்தேன்.

3. பிறகு நான் பேசினேன். நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள் என்றேன். தனி நாட்டுக்கு வழி உண்டு என்று 1920இல் ஒப்பந்தத்தில் எழுதி, மூன்றே ஆண்டில் அடுத்த ஒப்பந்தத்தில் அவர்கள் பேரையே விட்டுவிட்ட கதையைச் சொன்னேன். மார்ச் மாதப் புத்தாண்டில் மலைமீது தீ மூட்டுவதையும், சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்பதையும் காட்டினேன். கைகோத்துத் தோளோடு தோள் சேர்ந்து ஆடும் அவர்கள் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தபோது பதினொரு பெண்கள் எழுந்து வந்தார்கள். முழங்கால் வலிக்காரரான புஷ்பவல்லி அம்மாள் கடைசிவரை வரிசையை விடவில்லை.

4. அடுத்து ஹலப்ஜா என்ற ஊருக்கு வந்தேன். 1988ஆம் ஆண்டு அதே மார்ச் 16இல் அங்கு விஷவாயுக் குண்டுகள் வீசப்பட்டன. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் நுரையீரல் கெட்டவர்கள் பலர் என் வார்டில் இருந்தார்கள். சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து, கல்தூசியால் மார்பு கெட்டுப்போன சின்னசாமி ஐயா அப்போது எழுந்தார்.

"ஏம்மா, அவங்களும் உக்காந்துகினேதான் தூங்குவாங்களா?"

"ஆமாங்க பெரியப்பா. படுத்தா மூச்சு வராது."

"பாவம்மா. நம்மள மாதிரியே கீறாங்க."

ஒன்பது வருடம் அங்கே இருந்தும் என்னால் சொல்ல முடியாததை அவர் சொல்லிவிட்டார்.

5. திரு. ராஜப்பா இந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். தாமே எழுந்துபோய்ப் படக்கருவியின் ஒயரைப் பிடுங்கினார். "போதும்மா. மேப்புல இல்லாத நாட்டுக்கு இன்னா ஹிஸ்டரி? எல்லாம் கெளம்புங்க" என்றார். சின்னசாமி ஐயா இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்லவும் அதிகாரிக்குத் தோன்றவில்லை. சுமா மட்டும், "சார், அவங்க பேசி முடிக்கட்டும். நான்தான் கூப்ட்டேன்" என்றார்.

6. அந்த ஒரு வாக்கியத்திற்காக 19ஆம் தேதி சுமாவுக்கு மெமோ வந்தது. மறுநாளே வேலை போனது. 'கலகத்தைத் தூண்டும் நடனம்' என்பது குற்றங்களில் ஒன்று. புஷ்பவல்லி அம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. அவர் எந்த அரசைக் கவிழ்க்க ஆடினார் என்பதைக் கண்காணிப்பாளர் அவர்கள் கண்டறிந்திருந்தால், எங்களுக்கும் தெரிவிக்கலாம். 'மக்கள் சலிப்படைந்தனர்' என்பது இன்னொன்று. சலிப்படைந்தவர்களைக் கலைக்க அவர் மூன்று முறை கத்த வேண்டியிருந்தது ஏன் என்று மெமோவில் விளக்கம் இல்லை. அன்றுமுதல் வாசகசாலை பூட்டிக் கிடக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கோரமண்டல் ரயில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

7. ஆகவே, திரு. ராஜப்பா மீது விசாரணை நடத்தி, சுமாவை உடனே பணியில் சேர்த்து, மெமோவை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். சின்னசாமி ஐயாவிடம் திரு. ராஜப்பா நேரில் வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும். என்னிடம் தெரிவிக்க வேண்டாம். அவரிடமிருந்து இன்னொரு உரை கேட்க எனக்குத் தெம்பில்லை.

8. நிறுத்தப்பட்ட உரையின் மீதிப் பகுதி ஏப்ரல் 27, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு என் வீட்டு வாசலில் நடைபெறும். இதுவரை நூற்று நாற்பது பேர் பெயர் கொடுத்துள்ளனர். இந்தக் கடைசிப் பத்தியை அனுமதி கேட்கும் விண்ணப்பமாகக் கொள்ள வேண்டாம். தங்கள் தகவலுக்காக மட்டுமே எழுதினேன்.

இடம்: சாம்பியன் ரீப்ஸ்
நாள்: 02.04.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
அ. ரெபேக்கா

இணைப்பு: மெமோவின் நகல், இம்மனுவின் கன்னட மொழிபெயர்ப்பு, அன்று வந்திருந்த ஐம்பத்தேழு பேரின் கையொப்பங்கள்.