காப்புக் கட்டிய காடு

1959 பிப்ரவரி 3, செவ்வாய்

அய்யனார் கோயில் காட்டுக்கு நடுவே ரோடு போடப் போகிறார்களாம். பஞ்சாயத்துத் தலைவர் ரத்தினவேல் முடிவு செய்துவிட்டான். என் பங்காளி, என்னைவிட இளையவன். கோயிலில் எனக்கு வரவேண்டிய முதல் மரியாதையைத் தட்டிப் பறித்தவன். அன்றோடு அவனிடம் பேச்சு இல்லை. கோயில் வாசலையும் நான் மிதிப்பதில்லை. காட்டுக்கு மட்டும் தினமும் போகிறேன். அங்கே தேவாங்குகள் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் மிஞ்சவில்லை. கண் மருந்துக்கென்று பிடித்தே தீர்த்துவிட்டார்கள்.

பிப்ரவரி 5, வியாழன்

புதுக்கோட்டையிலிருந்து வந்த ஓவர்சியர் ஆத்மநாதனைக் காட்டுக்கே கூட்டிப்போனேன். சூரைப்புதருக்குள் ஒன்று பந்தாகச் சுருண்டு தூங்கியது.

"இது தாவாது. கெளைக்குக் கெளை பிடிச்சுப் பிடிச்சுத்தான் போகும். நடுவுல வெட்டிட்டா அங்கிட்டு உள்ளது அங்கிட்டே கெடந்து செத்துப்போகும்" என்றேன்.

"பாவமாத்தான் இருக்கு பெரியவரே. மார்ச்சுக்குள்ள வேலை முடியலேன்னா சாங்ஷன் ஆன பணம் திரும்பிப் போயிரும். தலைவர் சொல்ற வழியிலதான் நான் போட முடியும்."

கண்மாய்க் கரையோரம் இடம் கிடக்கிறதே என்று கேட்டேன்.

"அதை அவரைச் சொல்லச் சொல்லுங்க."

பிப்ரவரி 6

டீக்கடையில் என் காதுபடவே ரத்தினவேல் சொன்னான்: "ஒரு தேவாங்குக்கு இன்னொரு தேவாங்கு வக்காலத்து." நான் ஒல்லி, கண் பெரிது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 9

வழி கிடைத்துவிட்டது. அய்யனாருக்கு மண்குதிரை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. குதிரை செய்யச் சொல்லி, குயவரான வேளாருக்கு ஒரு கைப்பிடி மண்ணைப் பிடிமண்ணாகக் கொடுப்பது எங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து நின்றால்தான் நடக்கும். நான் நிற்க மறுத்ததால் நின்றுபோனது. பிடிமண் கொடுத்த அன்றே காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால், குதிரை கோயிலுக்கு வந்து சேரும்வரை ஊர் எல்லைக்குள் பச்சை மரத்தில் அரிவாள் படக்கூடாது.

ஆனால் முதல் மரியாதை அவனுக்குத்தான். நான் அவனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நானா? அவன் முதுகைப் பார்த்துக்கொண்டா?

பிப்ரவரி 10

நிற்பேன்.

பிப்ரவரி 11

பூசாரியிடம் சொல்லி அனுப்பினேன். ரத்தினவேல் உடனே சம்மதம். செவந்திக்குத்தான் கோபம். "கட்டுன பொண்டாட்டி இத்தனை வருஷமாக் கெஞ்சினேன், கேக்கலை. இப்ப தேவாங்கு வந்து சொல்லுச்சாக்கும்" என்கிறாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

பிடிமண் கொடுத்தாயிற்று. ரத்தினவேலுக்குத் தலையில் பரிவட்டம், முகம் நிறையப் பல். "அண்ணன் எறங்கி வந்துட்டாரு" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னான். காப்புக்குக் கையை முதலில் நீட்டியவனும் அவனே. ரோட்டை அவன் நினைக்கவே இல்லை. முதல் மரியாதை கண்ணை மறைத்துவிட்டது. எனக்குத் தெரியாதா அந்த மயக்கம்?

குழந்தைசாமி வேளாரிடம் தனியாகச் சொன்னேன்: "இதுவரைக்கும் இல்லாத ஒசரத்துக்குக் குதிரை வேணும்."

"அம்புட்டுப் பெருசுன்னா நெழல்ல காயவே நாளாகுமுங்க. அவசரப்பட்டாச் சூளையில வெடிச்சிரும்."

"ஒரு அவசரமும் இல்லை."

பிப்ரவரி 23

மரம் வெட்டுகிறவர்கள் கோடரியோடு வந்தார்கள். தண்ணீருக்குப் போன மூக்காயி குடத்தை இறக்கிவைத்தாள். "தலைவரே, காப்புக் கட்டுன கையாலயா மரத்தைக் காட்டிவிடப் போறீங்க?" கூட்டம் கூடிவிட்டது. ரத்தினவேல் தன் மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11

வேளார் வீட்டுக்கு ரத்தினவேல் நடையாய் நடக்கிறானாம். குதிரைக்கு இன்னும் கழுத்து வரவில்லை.

மார்ச் 14

ஓவர்சியர் இனிக் காத்திருக்க மாட்டார். கண்மாய்க் கரையோரமே ரோடு. ரத்தினவேலும் தலையாட்டிவிட்டான். என் எள்ளுக் கொல்லையில் ஒரு ஓரம் போகுமாம். போகட்டும்.

ஏப்ரல் 24, வெள்ளி

குதிரை வந்து சேர்ந்தது. நன்றாகவே இருக்கிறது. ரோட்டில்தான் தூக்கி வந்தார்கள்.

1962 ஆகஸ்ட் 14, செவ்வாய்

இன்று காட்டுக்குப் போனபோது எனக்கு முன்பே ரத்தினவேல் அங்கே நின்றான். வெளியூர்க்காரர் இருவர் அவன் எதிரில் குந்தியிருந்தார்கள். பக்கத்தில் வெறும் சாக்கு. "எங்க ஊருத் தேவாங்கை எவன்டா பிடிக்கச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவிழ்த்துவிட்ட தேவாங்கு ஒவ்வொரு கையாக வைத்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அவனிடம் நான் இன்னும் பேசுவதில்லை. பக்கத்தில் போய் நின்றேன். அது இலைக்குள் மறையும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.