தோற்றுவிட்டு வா

மார்ச் 4

என் லோர்னா,

நீயும் நம் மகள் ஜூனியும் நலம்தானே? சிறையின் தண்ணீர் நிலையத்தில் எனக்கு மூன்று வருடம் முடிந்துவிட்டது. ஆற்று நீரை வடிகட்டி, ஆயிரத்து அறுநூறு கைதிகளுக்குக் குடிக்கக் கொடுக்கிறேன். அதனால் ஏப்ரல் 26 அன்று ஆபரேட்டர் லைசென்ஸ் தேர்வு எழுத விடுகிறார்கள். அறையில் கால்குலேட்டர் வைத்துக்கொள்ளக் கூடாது. பெருக்கலெல்லாம் பென்சிலில்தான். சூத்திரங்களை நூலகத்தில் பார்த்து எழுதி அனுப்பு.

ஜூன் மாதம் என்னை நம் ஊர்ப் பக்கத்து வேலை முகாமுக்கு மாற்றுகிறார்கள். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வரலாம். லைசென்ஸும் இருந்தால் நம் ஊர்த் தண்ணீர் நிலையத்திலேயே வேலை. ஆபரேட்டர் ஹாஸ்கல் செத்ததிலிருந்து அங்கே ஆள் இல்லையாமே.

உன் ராய்ஸ்


மார்ச் 19

ராய்ஸ்,

சூத்திரங்கள் எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. 'சங்கேத மொழி' என்று முத்திரை. சிறைக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, இத்தனை பவுண்டுன்னு எழுதியிருக்கியே, எது பவுண்டு? கஞ்சாவா?"

"குளோரின் சார்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

அதனால் வார்த்தையில் எழுதுகிறேன். ஒரு நாள் ஓடும் நீரைப் பத்து லட்சம் கேலன் கணக்கில் எடுத்துக்கொள். மருந்தின் அளவால் பெருக்கு. பிறகு எட்டு புள்ளி மூன்று நான்கால் பெருக்கு. வருவது பவுண்டு. மற்றவை பின்பக்கத்தில்.

இங்கே குழாயில் வருவது பழுப்புத் தண்ணீர். குளித்தால் ஜூனிக்குக் கழுத்தெல்லாம் தடிக்கிறது. மேயர் வீட்டுக்கு மட்டும் வேன் வந்து பாட்டில் தண்ணீர் இறக்குகிறது. இந்த வீட்டில் இன்னொரு குளிர்காலத்தை என்னால் தனியாகத் தாண்ட முடியாது. ஜூனில் வந்துவிடு.

லோர்னா


ஏப்ரல் 9

லோர்னா,

என்ன செய்வதென்று தெரியவில்லை. பம்ப் அறையில் என்னோடு வேலை பார்க்கும் டெல்பர்ட், ஆயுள் கைதி, நேற்று சொன்னான்:

"டேய், பாஸ் பண்ணித் தொலைக்காதடா. மே மாசம் நம்ம ஆபரேட்டர் கிரேன் சார் ரிட்டயர் ஆகறார். கொடுக்கற சம்பளத்துக்கு வெளியிலிருந்து எவனும் வரமாட்டேங்கறான். லைசென்ஸ் உள்ளவன் ஒருத்தன் இருந்தே ஆகணும்னு சட்டம். உன்கிட்ட அது இருந்தா முகாமுக்கு அனுப்புவானுங்கன்னு நினைக்கறியா? பைத்தியக்காரா!"

விசாரித்தேன், உண்மைதான். பாஸானால் தண்டனை முடியும்வரை இங்கேயேதான், இன்னும் மூன்று வருடம் இரண்டு மாதம். தோற்றால் ஜூனில் முகாம். ஆனால் லைசென்ஸ் கிடையாது, முகாமில் தேர்வும் கிடையாது. அப்புறம் சிறைக்குப் போய்வந்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? 26-க்குள் பதில் போடு.

ராய்ஸ்


ஏப்ரல் 15

ராய்ஸ்,

தோற்றுவிட்டு வா.

பள்ளம் தோண்டு, மரம் வெட்டு, எனக்குக் கவலையில்லை. எல்லாக் கேள்விக்கும் தப்பாக எழுது. உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் லோர்னா


மே 22

லோர்னா,

மன்னிப்புக் கேட்கக்கூடத் தகுதியில்லை. உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நூறு கேள்வி. முதல் இருபதைத் தப்பாகவே குறித்தேன். அடுத்தது ஒரு சிறு ஊர், பழுப்புத் தண்ணீர், என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி. எனக்குத் தெரியும். லோர்னா, பள்ளிக்கூடத்திலும் கோர்ட்டிலும் கேட்ட எதற்கும் என்னிடம் பதில் இருந்ததில்லை. இதற்கு இருந்தது. சரியாகக் குறித்துவிட்டேன். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. முன்னால் குறித்ததையும் அழித்துத் திருத்தினேன்.

தொண்ணூற்றிரண்டு. வார்டன் கூப்பிட்டுக் கை கொடுத்தார். "கெட்டிக்காரன்டா நீ! உன்னை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?" என்றார். மாற்றல் ரத்து. கிரேனின் நாற்காலி எனக்கு, மணிக்கு அறுபத்து மூன்று சென்ட்டுக்கு.

திட்டியாவது எழுது.

ராய்ஸ்


ஜூன் 9

ராய்ஸ்,

திட்டத் தெம்பில்லை. டேட்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அக்காவின் விலாசத்தை உனக்கு எழுதப்போவதில்லை.

பெட்டி கட்டும்போது ஜூனி கேட்டாள்: "அப்பா பரீட்சையில பாஸாம்மா?"

"பாஸ்தான்டி."

"அப்புறம் ஏன் வரல?"

"பாஸானதாலதான்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து, விழுந்து விழுந்து சிரித்தாள்.

லோர்னா