அறை கேட்கப் போய்ச் சிங்கம் கேட்டேன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய், ஆனாலும் ஆவல்தான். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆப்பிரிக்க சஃபாரி டிக்கெட்டை ரத்து செய்யாதே. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு எதற்கு அலைச்சல் என்று கேட்டிருந்தாய். கை கால் எல்லாம் தேறிவிட்டது, நாக்குதான் தடுமாறியது. இருபத்தெட்டு வருஷம் ரயில் நிலைய மைக்கில் கணீரென்று அறிவித்த மனுஷர் இல்லையா, குழறிப் பேசுவதை யாரும் கேட்கக் கூடாதென்று வாயையே மூடிக்கொண்டார். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண்ணிடம்கூட ஊமைச் சாடைதான். எது வேண்டுமானாலும் சீட்டில் எழுதி நீட்டுவார். உன் போனை அவர் எடுக்காததற்கும் காரணம் அதுதான், கோபமெல்லாம் இல்லை.

நான்தான் பயணத்தை விட மனசில்லாமல் அந்த ஊர் பாஷையான ஸ்வாஹிலி படிக்க ஆரம்பித்தேன். நம் தெரு வாட்ச் ரிப்பேர்காரர் அந்தப் பக்கம் எட்டு வருஷம் கடை வைத்திருந்தவர், சாயங்காலம் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பார். ஒருநாள் விடுதியில் அறை கேட்பது எப்படி என்று பாடம். நான் மூன்று தடவையும் "நடாகா சிம்பா" என்றேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "சும்...பா. சிம்பான்னா சிங்கம்" என்று ஒரு குரல். ஏழு வாரத்துக்குப் பிறகு கேட்ட குரல்! வாட்ச்காரர் கெட்டிக்காரர், ஒன்றும் நடக்காதது போல, "சார் சொல்றதுதான் சரி, சும்பான்னாதான் அறை, நீங்க சிங்கம் குடுங்கன்னு கேக்கறீங்க" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். மறுநாள் அப்பாவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புது பாஷையில் நானும் குழறுகிறேன், அவரும் குழறுகிறார், யாருக்கு என்ன வெட்கம்? "அங்க எல்லாத்துக்கும் போலேபோலேதான் சார், மெதுவான்னு அர்த்தம். பேச்சுல யாரும் உங்கள அவசரப்படுத்த மாட்டாங்க" என்றார் வாட்ச்காரர். அன்றைக்கு அப்பா அந்த வார்த்தையை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். அதற்குப் பிறகும் வாயைத் திறந்தால் ஸ்வாஹிலிதான், தமிழுக்குச் சீட்டுதான்.

நேற்று நடந்ததுதான் பெரிய சேதி. நான் மோஜா, ம்பிலி, டாட்டு என்று எண்ணிக்கொண்டே பாலைப் பொங்கவிட்டேன், வீடெல்லாம் தீய்ந்த வாடை. அப்பா ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு நோட்டைப் புரட்டோ புரட்டென்று புரட்டினார். திட்டுவதற்கு ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. நோட்டை வீசிவிட்டு, "அடுப்புல பால வெச்சுட்டு அங்க... என்னடி எண்ணிக்கிட்டிருக்க?" என்றார். முழுசாக, தமிழில்! கரிப்பிடித்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டே சிரித்தேன், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போனை அப்பாதான் எடுப்பாராம். அவர் பேச்சு நடுவில் நின்றால் நீ வார்த்தையை எடுத்துக் கொடுக்காதே கண்ணு. காத்திரு, வந்துவிடும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா