நாற்பதில் ஏழு

4, செவ்வாய்

வெயில். மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. டியூஷனுக்குப் பதினோரு பிள்ளைகள், ஒரே புழுக்கம். ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு. நானே ஒன்று எழுதிப் போட்டேன்: ஒருவர் தன் தோட்டத்தில் எட்டில் ஒரு பங்கு கத்தரி போட்டார். மீதியில் ஐந்தில் ஒரு பங்கு வெண்டை. மொத்தத் தோட்டத்தில் வெண்டை எவ்வளவு?

பத்துப் பேர் ஐந்தில் ஒன்று. ‘மீதியில்’ என்று இருப்பதை ஒருத்தரும் பார்க்கவில்லை. தொண்டை வறளக் கத்தினேன். ஒருத்தி மட்டும் எட்டில் ஏழை ஐந்தால் வகுத்தாள். நாற்பதில் ஏழு. சரி.

அது தோட்டமே இல்லை. விருதுநகரில் அத்தா விட்டுப்போன வத்தல் கடையும் வீடும். பள்ளிவாசலில் சொல்கிற மார்க்க முறைப்படி அம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியை ஐந்தாக்கி, அண்ணன்கள் ரெண்டு பேருக்கும் இரண்டிரண்டு, எனக்கு ஒன்று. வெண்டைக்காய் நான்தான்.

5, புதன்

பெரியண்ணன் போன்.

“நூரு, ஞாயித்துக்கெழம வந்துரு. ஆதார எடுத்துக்க.”

“எதுக்குண்ணே?”

“சும்மா ஒரு கையெழுத்து. ஒனக்கு ஒண்ணும் வேணாம்னு. அதான் கல்யாணத்துல இருவது பவுன் போட்டாச்சுல்ல.”

“பள்ளிவாசல் அசரத்துகிட்ட கேட்டீகளா?”

“அவுக சொல்றதச் சொன்னாக. வீட்டு நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா.”

போனை வைத்த பிறகுதான் பதில் பதிலாக வருகிறது. சோறு குழைந்துவிட்டது.

7, வெள்ளி

வாங்க வேண்டியது: சாக்பீஸ், சீரகம், ஆதார் நகல் 2.

‘போட மாட்டேன்’ என்று குக்கர் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. திருத்தங்கலில் பன்னிரண்டு வருஷமாக வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரம்மாவிடம் கேட்கணும். அந்த ஏழு பங்கு வந்தால் ரெண்டு ரூமாவது கட்டலாம். ஆசைப்படுவதில் என்ன தப்பு? நான் என்ன பிச்சையா கேட்கிறேன்?

9, ஞாயிறு

பஸ்ஸில் நின்றுகொண்டே விருதுநகர். பத்திரம் ரெடி. கடை பெரியவனுக்கு, வீடு சின்னவனுக்கு. அம்மா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

“எம் புள்ளைகளுக்குள்ள சண்ட வேணாம்த்தா.”

“நானும் புள்ளதானம்மா?”

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். குக்கர் முன்னால் சொன்னதெல்லாம் எங்கே போச்சோ. போட்டுவிட்டேன். மூன்று இடத்தில்.

எழுந்திருக்கப் போனேன். சின்னவன், வீட்டை இடித்துக் குடோன் கட்டப் போவதாகச் சொன்னான். அப்போ அம்மா?

“மூணு பேரும் நாலு நாலு மாசம் வச்சுக்குருவோம். நீதான் கணக்கு டீச்சராச்சே, எந்த மாசம் யாருக்குன்னு பிரிச்சு எழுதும்மா,” என்றான் பெரியவன். பேனாவை வேறு நீட்டுகிறான்.

எனக்கு வந்ததே ஆத்திரம். “சொத்த மட்டும் ரெண்டால வகுத்தீக. அம்மாவ மூணாலயா? சொத்துல எனக்கு எம்புட்டோ, அம்மாகிட்டயும் எனக்கு அம்புட்டுதான். சுழி!”

“ஏ, மெதுவாப் பேசு,” என்றான் சின்னவன்.

அடுப்படி வாசலில் அம்மா. கையில் டீத் தட்டு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“ஒனக்குச் சீனி கம்மியாத்தான் போட்ருக்கேன்,” என்றாள்.

குடித்தேன். அம்மாவை என்னோடேயே வைத்துக்கொள்ளணும் என்றுதானே போன மாசமே கட்டில் பார்த்து வைத்தேன். அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. வரக் கூடாத வார்த்தைதான் வந்தது.

10, திங்கள்

டியூஷன் லீவு விட்டேன். தலைவலி என்று சொல்லியாயிற்று.

காலையிலிருந்து அம்மாவுக்கு ஆறு தடவை போன். எடுக்கவில்லை. சாயங்காலம் பெரியண்ணன் எடுத்தான்.

“அம்மாட்ட குடுண்ணே. நாலு மாசமெல்லாம் வேணாம், வருசம் பூரா நானே வச்சுக்கிறேன்.”

“இல்லம்மா. ஒன் வீட்டுக்கு வரலையாம். எனக்கும் தம்பிக்கும் ஆறு ஆறு மாசம்னு அம்மாவே பிரிச்சிருச்சு.”